உடற்குறையுடையோரும் நீச்சற்கலையும்

நீச்சலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1875-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த மாத்யூ வெப்பிலிருந்து தொடங்கி, ஒலிம்பிக் பதக்கம் பெற்றோரின் பட்டியலோடு முடித்துவிடுவர். கால் இயங்காதவர், கை குறுகியவர், கண் தெரியாதவர், அறிவு வளர்ச்சி குன்றியவர் ஆகியோர் தண்ணீருக்குள் இறங்கிய வரலாறு தனியாக ஒன்று உண்டு. அது நம் பக்கங்களில் அதிகம் பேசப்பட்டதில்லை. பள்ளியில் பிள்ளைகளோடு பழகும் நம்மவர்க்கு அது பயன்படும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். முடவர், நொண்டி என்றெல்லாம் நாம் கூசாமல் வழங்கிய காலம் ஒன்று இருந்தது. பின்னர் ஊனமுற்றோர் என்றோம். இன்று மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். ஆங்கிலேயரும் இதே வழியில்தான் வந்திருக்கிறார்கள். இக்கட்டுரையில் நாம் காணப்போகும் இலண்டன் பள்ளியின் பழைய பெயரே ‘முடப் பெண்பிள்ளைகளுக்கான ஹாலிவிக் பள்ளி’ என்பதாகும். பெயரை மாற்றுவது எளிது. தண்ணீருக்குள் இறங்க வழிசெய்வதற்கோ இரண்டு நூற்றாண்டுகள் பிடித்தன.

நோய்க்கு நீரை மருந்தாகக் கொள்வது பழைய வழக்கம். உரோமானியர் வெந்நீரூற்று கண்ட இடமெல்லாம் குளியல் மண்டபம் எழுப்பினர். அவ்வாறு அவர்கள் கட்டிய ஊர்களுள் ஒன்று இங்கிலாந்தின் பாத் நகரம். அங்கு 1738-இல் ஏழை நோயாளிகளுக்கென ஒரு மருத்துவமனை நிறுவப்பட்டது. கை கால் விழுந்துபோன நோயாளிகளைக் கழுத்தளவு வெந்நீரில் நெடுநேரம் உட்காரவைப்பது அங்கு வழக்கம். அவர்களுள் ஈய நச்சால் கை செயலிழந்தோர் பலர் இருந்தனர். சாயம் பூசுவோர், ஈயக் குழாய் வேலை செய்வோர், ஈயம் கலந்த பழமதுவைக் குடித்தோர் ஆகியோர் இவ்வகையினர். அவர்களிற் பலர் குணமடைந்து திரும்பியதாக மருத்துவமனைக் குறிப்புகள் கூறின. பிற்காலத்து மருத்துவர்கள் இதனை நம்பாமல் நகைத்தனர். ஆயின் 1980-களில் இங்கிலாந்து ஆய்வாளர் சிலர் ஆட்களைக் கழுத்தளவு நீரில் உட்காரவைத்துச் சோதித்தபோது, சிறுநீரின் வழியே ஈயம் வெளியேறும் அளவு கூடுவதைக் கண்டனர். நீரின் அழுத்தம் கால்களிலும் வயிற்றிலும் உள்ள குருதியை மார்பை நோக்கித் தள்ளுகிறது. அதனால் சிறுநீரகம் முனைந்து வேலை செய்கிறது. நீரில் கரைந்திருந்த தாதுக்களைவிட நீரின் எடையே அங்கு மருந்தாக நின்றது.

எனினும் இது குளியல், நீச்சல் அன்று. நோயாளி உட்கார்ந்திருப்பான், வேலை முழுவதையும் தண்ணீர் செய்யும். நோயாளியே தண்ணீரில் வேலை செய்யத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்குக் காரணம் இளம்பிள்ளை வாதம்.

1916-இல் அமெரிக்காவில் அந்நோய் பெருங்கொள்ளையாகப் பரவியது. ஏறத்தாழ 27,000 பேரை அது பற்றியது; 6,000 பேர் மாண்டனர். பிழைத்தவர்களிற் பெரும்பாலோர் சிறுவர். அவர்தம் கால்கள் துணிபோல் துவண்டு கிடந்தன. கட்டிலில் கிடத்திப் பயிற்சி அளித்தால், மெலிந்த தசைக்குத் தன் காலின் எடையையே தூக்க வலுவிருக்காது. நீரிலோ கணக்கு வேறு. கழுத்தளவு நீரில் நிற்பவன் தன் எடையிற் பத்தில் ஒரு பங்கையே காலில் தாங்குகிறான். இடுப்பளவு நீரில் ஏறத்தாழப் பாதியைத் தாங்குகிறான். ஆர்க்கிமிடீஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே கண்டு சொன்ன உண்மை இது. நாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறோம். ஆயினும் ஒரு பிள்ளையின் காலோடு அதைச் சேர்த்துப் பார்க்க உலகிற்கு இத்தனை காலம் ஆயிற்று. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து எலும்பு மருத்துவர் சார்ல்ஸ் லோமன், சிக்காகோவில் ஒரு பள்ளியில் மரத்தொட்டியில் பிள்ளைகள் பயிற்சி செய்வதைப் பார்த்துவந்து, 1924-இல் தம் மருத்துவமனையின் அல்லிக்குளத்தையே பயிற்சிக் குளமாக மாற்றிவிட்டார்.

அதே 1924-ஆம் ஆண்டு அக்டோபரில் பிராங்க்ளின் ரூசவெல்ட் ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1921 ஆகஸ்டில், தம் 39-ஆம் வயதில் அவருக்கு இளம்பிள்ளை வாதம் கண்டு இரு கால்களும் செயலற்றுப் போயிருந்தன. முந்திய ஆண்டுதான் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டவர் அவர். அரசியல் வாழ்வு முடிந்ததென்றே பலரும் எண்ணினர். வார்ம் ஸ்பிரிங்ஸில் மலையடிவாரத்திலிருந்து 88 பாரன்ஹீட் வெப்பத்தில் ஊற்றுநீர் இடைவிடாமல் பாய்ந்தது. நடக்க இயலாதிருந்த இளைஞன் ஒருவன் அங்கு நீந்திப் பழகிக் கோல் ஊன்றி நடந்தான் என்ற செய்தியே ரூசவெல்ட்டை அங்கு இழுத்துவந்தது. வெதுவெதுப்பான அந்நீரில் அவர் நெடுநேரம் சோர்வின்றிப் பயில முடிந்தது. துணையின்றி நிற்கவும் முடிந்தது. செய்தித்தாளில் இது வெளிவந்ததும், அழைப்பின்றியே நோயாளிகள் பலர் வந்து குவிந்தனர்.

அப்போது நடந்ததைக் கவனியுங்கள். வார்ம் ஸ்பிரிங்ஸ் மருத்துவமனையன்று, கோடை விடுதி. பணம் படைத்த விருந்தினர் அங்கே பொழுதுபோக்க வந்திருந்தனர். வாத நோயாளிகளோடு ஒரே குளத்தில் குளிக்கவும் ஒரே கூடத்தில் உண்ணவும் அவர்கள் மறுத்தார்கள். தொற்றிவிடும் என்பது அவர்களின் அச்சம். நோயாளிகளுக்கெனத் தனிக் குளமும் தனி உணவிடமும் அமைக்க நேர்ந்தது. ரூசவெல்ட் 1926-இல் அவ்விடம் முழுவதையும் ஏறத்தாழ 2,00,000 டாலருக்கு விலைக்கு வாங்கினார். அது அவரது சொத்தில் பெரும்பகுதி. மறு ஆண்டே அதை அறநிறுவனமாக்கினார். எலும்பு மருத்துவர் ஒருவரையும் பயிற்சியாளர்களையும் வரவழைத்தார். நீரில் எப்படி நிற்பது, எப்படிக் காலை அசைப்பது என்று புதியவர்களுக்குத் தாமே இறங்கிக் கற்றுக்கொடுத்தார். ‘டாக்டர் ரூசவெல்ட்’ என்று தம்மைத் தாமே வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்.

அவர் எழுந்து நடந்தாரா என்றால், இல்லை. இறுதிவரை கால் கவசமும் தாங்கும் கையுமின்றி அவரால் ஓரடி வைக்க இயலவில்லை. அந்த நிலையிலேதான் 1933-இல் அமெரிக்க அதிபர் பதவியை ஏற்றார். அவர் நீந்துவதற்காக மக்கள் அனுப்பிய சில்லறைக் காசுகளைக்கொண்டு வெள்ளை மாளிகையில் அவ்வாண்டே ஒரு குளம் கட்டப்பட்டது. 1970-இல் நிக்சன் காலத்தில் அதன் மேல் தளம் போட்டுச் செய்தியாளர் அறையாக்கினர். நீர்மருத்துவத்தைப் பற்றிப் பேசுவோர் இதனை மறைக்கக் கூடாது. செத்துப்போன நரம்பை நீர் உயிர்ப்பிப்பதில்லை. எஞ்சியிருக்கும் தசைக்கு வேலையும், மனிதனுக்குத் தன் உடலைத் தானே இயக்கும் சில மணி நேரமும் அது தருகிறது. அந்தச் சில மணி நேரம் சிறியதன்று.

வார்ம் ஸ்பிரிங்ஸின் புகழைப் பாடும் நூல்கள் பல விரைந்து கடந்துபோகும் செய்தி இன்னொன்று. அங்கே சமைத்தவர், பரிமாறியவர், நோயாளிகளைத் தூக்கி இறக்கியவர் ஆகியோரிற் பலர் கறுப்பின மக்கள். ஆனால் கறுப்பினப் பிள்ளைக்கு வாதம் கண்டால் அந்தக் குளத்தில் இடமில்லை. அதிபரின் பெயரால் நாடெங்கும் பிறந்தநாள் விழா நடத்திப் பணம் திரட்டினார்கள். அதில் கறுப்பினத்தாரின் காசும் இருந்தது. கண்டனம் வலுத்த பின்னரே, 1941-இல் அலபாமாவின் டஸ்கிகீ என்னுமிடத்தில் அவர்களுக்கெனத் தனி மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. விடுதி விருந்தினர் நோயாளிகளை ஒதுக்கியபோது வெகுண்ட அதே நிறுவனம், தன் பங்கிற்கு வேறொருவரை ஒதுக்கியது. ‘எல்லார்க்கும்’ என்னும் சொல்லைக் காணும்போதெல்லாம், யார் அதில் இல்லை என்று கேட்கும் பழக்கம் எனக்கு இதைப் படித்த பிறகே வந்தது.

நிற்க. இனி இலண்டனுக்கு வருவோம்.

1949-இல் வட இலண்டனின் சவுத்கேட் பகுதியில் இருந்த ஹாலிவிக் பள்ளியின் மாணவியருக்கு ஜேம்ஸ் மெக்மில்லன் என்பவர் நீச்சல் கற்பிக்கத் தொடங்கினார். அவர் மருத்துவர் அல்லர். நீர்விசையியல் அறிந்த பொறியாளர். நீச்சற் பயிற்சியிலும் பழகியவர். கைகால் இறுகிய பிள்ளைகள், ஒருபக்கம் விழுந்த பிள்ளைகள் என அங்கே பலவகையினர் இருந்தனர். கப்பலைப் பார்க்கும் கண்ணால் அவர் அப்பிள்ளைகளைப் பார்த்தார் எனலாம்.

அதாவது, நீரில் மிதக்கும் பொருளின்மேல் இரு விசைகள் செயற்படுகின்றன. ஒன்று கீழ்நோக்கிய ஈர்ப்பு; மற்றொன்று மேல்நோக்கிய மிதப்பு விசை. இவ்விரண்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் பொருள் அசையாது நிற்கும். கோடு விலகினால் மீண்டும் நேராகும்வரை உருளும். கப்பல் கட்டுவோர் இதை அறிவர். பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகேர் 1746-இல் வெளியிட்ட கப்பல் நூலிலேயே இதன் கணக்கு உள்ளது. இரு பக்கமும் ஒத்த உடலுக்கு இது தொல்லை தருவதில்லை. ஒரு கால் சூம்பிய பிள்ளைக்கோ அந்தக் கால் மேலே எழும். உடல் ஒருபக்கமாக உருளும். முகம் நீருக்குள் போகும். பிள்ளை அஞ்சி விறைக்கும். விறைத்தால் இன்னும் உருளும். ‘இவனுக்கு நீச்சல் வராது’ என்று நாம் கரையிலிருந்து தீர்ப்புச் சொல்வது இந்த உருளலைப் பார்த்துத்தான். மெக்மில்லன் உருளலைத் தடுக்கவில்லை. அதனையே முதற் பாடமாக்கினார். தலையை எந்தப் பக்கம் திருப்பினால் உடல் எந்தப் பக்கம் உருளும், மல்லாந்து மிதக்கையில் தலையை முன்னே கொணர்ந்து கைகளை நீட்டினால் எப்படி நிமிர்ந்துவிடலாம் என்பவற்றைப் பிள்ளை முதலில் கற்கும். கவிழ்ந்தால் மீளத் தெரிந்த பிள்ளைக்கு அச்சம் போய்விடும். கை வீசி முன்னேறுவது இவை எல்லாவற்றிற்கும் பிறகே. பிற்காலத்தில் இம்முறை பத்து நிலைகளாக வகுக்கப்பட்டது. முதல் நிலை, நீருக்கு மனம் இசைதல். நீரின்மேல் ஊதுவது, முட்டை வடிவப் பந்தை வாயால் ஊதித் தள்ளுவது, வட்டமாக நின்று பாடிக்கொண்டே சுற்றுவது என்று விளையாட்டாகவே அது நடக்கும். ஊதுவதற்குக் காரணம் உண்டு. மூச்சை வெளிவிடும் பிள்ளையின் வாய்க்குள் தண்ணீர் போகாது. ஊதும்போது தலையும் முன்வந்து சமநிலை காக்கும்.

மிதவை வளையங்களை அவர் ஏற்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பாட்டனார் சொன்ன கதைகள் நினைவுக்கு வந்தன. தமிழ்நாட்டுக் கிணறுகளில் பிள்ளைகளின் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையையோ வாழைத்தண்டையோ கட்டித் தள்ளிவிடுவார்களாம். சில நாளில் அவிழ்த்துவிடுவார்களாம். நல்ல உடலுக்கு அது போதும். சமநிலை கோணிய உடலுக்கு, மிதவை வேறொரு மிதப்பு மையத்தைக் கொடுத்துவிடுகிறது. பிள்ளை தன் உடலைக் கற்காமல் வளையத்தின் போக்கையே கற்கிறது. வளையம் கழன்ற நாளில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஆகையால் மெக்மில்லன் ஒரு பிள்ளைக்கு ஒரு துணைவர் என்று வைத்தார். துணைவர் நீருக்குள் நின்று, தம் முகத்தைப் பிள்ளையின் முகத்தின் மட்டத்திற்குத் தாழ்த்தி, தேவையான இடத்தில் மட்டும் தாங்கி, நாளடைவில் கையை விலக்கிக்கொள்வார். இது செலவுமிக்க முறை என்பதில் ஐயமில்லை. பணச் செலவைவிட ஆள் செலவு அதிகம். ஆயினும் துணைவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. பயின்ற பெற்றோரும் தொண்டர்களும் போதும். நீரில் இறங்கியவரை நோயாளி என்று அழைக்கக்கூடாது, நீச்சற்காரர் என்றே அழைக்கவேண்டும் என்பதும் அம்முறையின் விதி. 1950-களில் இதற்கெனச் சங்கம் அமைந்து இங்கிலாந்தெங்கும் கிளைத்தது; பின்னர்ப் பல நாடுகளுக்கும் சென்றது. மெக்மில்லன் 1970-களில் சுவிட்சர்லாந்தின் பாட் ரகாஸ் நகரில் மருத்துவப் பயிற்சியாளர்களோடு சேர்ந்து இதனை மேலும் வளர்த்தார்.

இதே காலத்தில் இன்னொருவரும் இங்கிலாந்தில் உழைத்துக்கொண்டிருந்தார். ஜெர்மனியிலிருந்து 1939-இல் தப்பிவந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன் அவர். முதுகுத்தண்டு அடிபட்ட போர்வீரர்களுக்காக 1948-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதுவே வளர்ந்து 1960-இல் உரோமில் 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 பேர் கூடிய போட்டியாயிற்று. பாராலிம்பிக் என்று இன்று நாம் கூறுவது அதனையே. நீச்சல் அந்த முதல் போட்டியிலிருந்தே உண்டு. இந்தியாவிற்கு அதில் கிடைத்த முதல் தங்கமும் நீச்சலில்தான். 1965-ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்த முரளிகாந்த் பேட்கர் என்னும் மராட்டிய வீரர், சிகிச்சைக்காக நீரில் இறங்கி, 1972-இல் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் அதை வென்றார். முன்பு அவர் குத்துச்சண்டை வீரர்.

சிங்கப்பூர் அன்பர்களுக்கு யிப் பின் சியு என்னும் பெயரைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. தசை வலுவிழக்கும் நோயுடன் ஐந்து வயதில் நீந்தத் தொடங்கிய அவர், 2008-இல் பெய்ஜிங்கில் சிங்கப்பூரின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். 2024 பாரிஸ் போட்டியோடு அவருடைய தங்கங்கள் ஏழாயின. அவர் சிறப்பாக நீந்துவது மல்லாந்து நீந்தும் வகை. இங்கு ஒன்றைக் கவனிக்கலாம். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் தசை வலு குறைந்தது. அதனால் அவர் நீந்தும் வகுப்பும் எஸ் 3-லிருந்து எஸ் 2-ஆக மாறியது. உடற்குறையின் தன்மையைக் கணித்து வகுப்புப் பிரித்து, ஒத்தவரோடு ஒத்தவரைப் போட்டியிடச் செய்யும் முறை அது. எஸ் 1 முதல் எஸ் 10 வரை உடற்குறைக்கு. 11 முதல் 13 வரை பார்வைக் குறைக்கு. 14 அறிவு வளர்ச்சிக் குறைக்கு.

அந்த 14-ஆம் வகுப்பிற்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 2000-இல் சிட்னியில் தங்கம் வென்ற ஸ்பானியக் கூடைப்பந்துக் குழுவினரிற் பெரும்பாலோர்க்கு எந்தக் குறையும் இல்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. பந்தாட்டக்காரர் செய்த மோசடிக்கு, அறிவு வளர்ச்சி குன்றிய வீரர் அனைவரும் எல்லா விளையாட்டுகளிலிருந்தும் நீக்கப்பட்டனர். மீண்டும் இடம் கிடைத்தது 2012 இலண்டன் போட்டியில்தான். பன்னிரண்டு ஆண்டு! நீச்சல் வீரர் ஒருவரின் வாழ்வில் அது முழு இளமை. வகுப்பில் ஒருவன் செய்த குறும்புக்கு வகுப்பையே நிற்கவைக்கும் ஆசிரியர்கள் இதைச் சிந்திக்கலாம், நானும் நிற்கவைத்தவன்தான்.

பதக்கங்களால் நாடு பெருமைப்படுகிறது. ஆயினும் நீந்த விரும்பும் பெரும்பாலோர்க்குத் தடையாக இருப்பது குளத்தின் விளிம்பு. செங்குத்தான இரும்பு ஏணி நான்கு படி, அவ்வளவே. அமெரிக்கா 1990-இல் உடற்குறையுடையோர் உரிமைச் சட்டம் இயற்றியும், குளத்தில் இறங்கும் வழியைப் பற்றிய விதிகள் 2010-இல்தான் வந்தன. பெரிய குளங்களுக்கு இரு வழிகள் வேண்டும். அவற்றுள் ஒன்று சாய்தளமாகவோ இருக்கையோடு கூடிய தூக்கியாகவோ இருத்தல் வேண்டும் என்றன அவை. விடுதிக்காரர்கள் எதிர்த்ததால் நடைமுறைக்கு வர 2013 ஆயிற்று. ஐக்கிய நாடுகளின் 2006-ஆம் ஆண்டு உடன்படிக்கை விளையாட்டையும் பொழுதுபோக்கையும் உரிமையாகவே கூறுகிறது. மலேசியா அதனை 2010-லும் சிங்கப்பூர் 2013-லும் ஏற்றன. மலேசியாவில் 2008-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டமும் உண்டு.

சட்டத்தில் இருப்பது குளத்தில் இருக்கிறதா என்பதை நான் அறிய நேர்ந்தது ஒரு மாணவனால். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப்பள்ளிப் பிள்ளைகளை நகரத்து நீச்சல் குளத்திற்கு அழைத்துச் சென்றோம். பிறவியிலேயே கால்கள் இறுகிய பையன் ஒருவனும் உடன் வந்தான். ஆசிரியர் பயிற்சியின்போது இத்தகைய பிள்ளைகளைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டது, உடற்பயிற்சி வேளையில் விலக்களிக்கலாம் என்ற அளவே. நானும் அவ்வாறே விலக்களித்து, மற்றவர் காலணிகளைப் பார்த்துக்கொள் என்று அவனை நிழலில் உட்காரவைத்தேன். இரண்டு மணி நேரம் அவன் நாற்பது சோடிக் காலணிகளை அளவு வாரியாக அடுக்கிவைத்திருந்தான். வண்டியில் ஏறும்போது, “ஐயா, தண்ணி சூடா இருந்துச்சா, குளிரா இருந்துச்சா?” என்று கேட்டான். ஹாலிவிக்கைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

மருத்துவரைக் கேட்டோம். வலிப்பு, ஆறாத புண், இதயக் கோளாறு ஆகியவை இருந்தால் முன்கூட்டியே மருத்துவர் இசைவு வேண்டும். அவனுக்கு அவை இல்லை. இயன்முறை மருத்துவர் ஒருவர் எனக்கும் அவன் தந்தைக்கும் தாங்கும் முறையைக் காட்டினார். இறுகிய தசைக்கு 33 முதல் 35 செல்சியஸ் வரை வெப்பமுள்ள நீரே ஏற்றது. வெயிலில் கிடக்கும் நம் நாட்டுப் பொதுக் குளங்கள் பிற்பகலில் அதற்குச் சற்றே குறைவு, ஆகவே அரைமணியோடு ஏறிவிடுங்கள் என்றார். குளத்திற்குப் போனோம். தூக்கி இருந்தது! தார்ப்பாயால் மூடிப் பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் அன்று விடுப்பு. தந்தையும் நானும் அவனைக் கைகோத்துத் தூக்கி ஏணி வழியே இறக்கினோம். பந்தை மூன்று முறை ஊதினான். நான்காம் முறை உருண்டு முகம் நனைந்து, தானே தலையைத் திருப்பி மீண்டான். நீர் சூடா குளிரா என்று நான் கேட்கவில்லை.

இப்பொழுது மாதம் இருமுறை போகிறோம். புறப்படுமுன் அலுவலகத்திற்குத் தொலைபேசியில் பேசி, சாவி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறோம்.